கம்பித் திரைக்குப் பின்னால் பாடியவர்கள்

எமது கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டி ஒரு மாலை இசை நிகழ்வை நடத்துவதெனப் பழைய மாணவிகள் சங்கம் தீர்மானித்தபோது, நிகழ்ச்சிநிரலில் இரண்டு படைப்புகள் இடம்பெற்றன. முதலாவது, இத்தாலிய இசையமைப்பாளர் அன்ரோனியோ விவால்டியின் 'குளோரியா' என்னும் கூட்டுப்பாடல். இரண்டாவது, ஜேர்மனியரான யொஹான் செபஸ்தியான் பாக் தனிச் செல்லோவுக்காக எழுதிய ஆறு தொகுதிகளுள் முதலாவது. இரண்டுமே ஐரோப்பிய இசை வரலாற்றில் பரோக் காலம் எனப்படும் 1600 முதல் 1750 வரையான காலப்பகுதியைச் சேர்ந்தவை. முன்னூறு ஆண்டுகள் பழைமையானவை.

ஆயத்தக் கூட்டத்திலேயே ஒரு சிக்கல் எழுந்தது. குளோரியா நான்கு குரல்களுக்கு எழுதப்பட்டது. சொப்ரானோ, ஆல்ட்டோ ஆகிய பெண்குரல்களுக்கு எம்மிடம் குறைவில்லை. ஆனால் டெனர், பேஸ் என்னும் ஆண்குரல்களுக்கு எங்கே போவது? அயலிலுள்ள ஆண்கள் கல்லூரியின் பழைய மாணவர்களைக் கேட்கலாம் என்றார் ஒருவர். அந்த இரண்டு குரல்களையும் ஓகனில் வாசித்துச் சமாளிக்கலாம் என்றார் இன்னொருவர். அப்போது எம்முள் இசை கற்பிக்கும் ஒருவர் எழுந்து, "இந்தப் பாட்டை முதலில் பாடினதே முழுக்க முழுக்கப் பெண்பிள்ளைகள்தானே. நாங்கள் ஏன் ஆரிட்டையும் போய்க் கேட்கவேணும்?" என்றார்.

கூட்டம் அன்று முடிவின்றிக் கலைந்தது. ஆயினும் அந்தக் கேள்வி எம்மை விடவில்லை. கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தோம். படித்ததில் அறிந்தவற்றை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். குளோரியாவின் கதையும் செல்லோத் தொகுதிகளின் கதையும் வெவ்வேறு நாடுகளில் நடந்தவை. எனினும் இரண்டிலும் இசையை எமக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களுள் பெண்கள் இருந்தார்கள் என்பதும், அவர்களின் பெயர்கள் நெடுங்காலம் பேசப்படவில்லை என்பதும் பொதுவானவை.

வெனிஸ் நகரின் பியேத்தா இல்லம்

வெனிஸ் நகரில் கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்று வளர்ப்பதற்காக 1346ஆம் ஆண்டில் ஒரு பிரான்சிஸ்கன் சபைத் துறவி தொடங்கிய இல்லமே பியேத்தா. 'பியேத்தா' என்றால் இரக்கம் என்று பொருள். இல்லத்தின் சுவரில் சிறியதொரு மாடம் இருந்தது. வளர்க்க இயலாத தாய்மார் இருளோடு இருளாக வந்து குழந்தையை அதில் வைத்துவிட்டுப் போவார்கள். சிலர் ஒரு பதக்கத்தை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் குழந்தையோடு வைத்து, மறுபாதியைத் தம்மோடு எடுத்துச் செல்வார்கள். என்றாவது ஒருநாள் திரும்பி வந்தால் பிள்ளையை அடையாளங் காண்பதற்காக அவ்வாறு செய்தார்கள். அப்படி விடப்பட்ட அரைப் பதக்கங்கள் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. வளர்க்கும் வசதியிருந்தும் பிள்ளையைக் கைவிடுவோரைச் சபித்து எச்சரிக்கும் 1548ஆம் ஆண்டின் கல்வெட்டு ஒன்றும் அங்குள்ள ஆலயத்தின் பக்கச் சுவரில் காணப்படுகிறது.

இவ்வாறான பெரிய அறநிலையங்கள் வெனிசில் நான்கு இருந்தன. நான்கிலும் பெண்பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கப்பட்டது. ஆண்பிள்ளைகள் ஒரு தொழில் பழகி வெளியேறிவிடுவர். பெண்பிள்ளைகளோ திருமணம் செய்யும் வரையோ துறவற மடத்தில் சேரும் வரையோ உள்ளேயே இருந்தனர். பலர் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தையல், பின்னல், சமையல், நோயாளர் பராமரிப்பு போன்ற வேலைகளைச் செய்தார்கள். குரல்வளமும் இசையறிவும் உள்ள சிலர் மட்டும் தெரிந்தெடுக்கப்பட்டுப் 'பாடகர் குழுப் பிள்ளைகள்' எனத் தனியாகப் பயிற்றப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் வாழ்ந்த இல்லத்தில் இக்குழுவினர் சுமார் 40 முதல் 60 பேர் வரையில் இருந்தனர்.

இங்கே 'பிள்ளைகள்' என்ற சொல்லை நாம் கவனமாக விளங்கிக்கொள்ள வேண்டும். பத்து வயதுச் சிறுமியும் அறுபது வயது மூதாட்டியும் அந்தக் குழுவில் 'பிள்ளைகள்'தான். மூத்தவர்கள் ஆசிரியைகளாகி இளையவர்களுக்குக் கற்பித்தார்கள். வெளியிலிருந்து ஆண் ஆசிரியர்கள் வந்தார்கள். ஆனால் ஆண்டாண்டாக இசை அறுபடாமல் வந்தது அக்காமார் தங்கைமாருக்குக் கற்றுக்கொடுத்ததனாலேயே. பாடசாலைப் பாடகர் குழுவில் நின்று பாடிய எவருக்கும் இது எப்படி நடந்திருக்கும் என்று நாம் விளக்கத் தேவையில்லை.

செந்நிற முடிக் குருவானவர்

1678ஆம் ஆண்டு வெனிசில் பிறந்த விவால்டி 1703இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவருடைய தலைமுடியின் நிறத்தால் ஊரார் அவரைச் 'செந்நிறக் குருவானவர்' என்று அழைத்தார்கள். அதே ஆண்டு செப்ரெம்பரில், ஆண்டுக்கு 60 டுக்கட் சம்பளத்தில், பியேத்தாவின் வயலின் ஆசிரியராக அவர் நியமிக்கப்பட்டார்.

அது நிரந்தர நியமனம் அன்று. ஒவ்வோர் ஆண்டும் இல்லத்தின் நிருவாக சபை வாக்கெடுத்தே ஆசிரியர்களின் நியமனத்தைப் புதுப்பித்தது. 1709இல் விவால்டி அந்த வாக்கெடுப்பில் தோற்று வேலையிழந்தார். 1711இல் மீண்டும் அழைக்கப்பட்டார். உலகம் போற்றும் ஓர் இசைமேதையைப் பற்றி அன்றைய கூட்ட அறிக்கைகள் வெறும் வாக்கு எண்ணிக்கையாக மட்டும் பேசுவதைப் படிக்கையில், கூட்ட அறிக்கைகள் எழுதிப் பழகிய எமக்கும் சற்றுச் சிரிப்பு வந்தது.

பாடகர் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த பிரான்செஸ்கோ கஸ்பரினி 1713இல் விலகிச் சென்ற பின்னரே, விவால்டிக்குத் திருவழிபாட்டுக்கான கூட்டுப்பாடல்களை எழுதும் வாய்ப்புக் கிடைத்தது. குளோரியா 1715ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது எனக் கொள்ளப்படுகிறது. அடுத்த ஆண்டு, 1716இல், 'யூதித்தா திரியும்பான்ஸ்' என்னும் இசை நாடகத்தை அவர் எழுதினார். அதில் படைத்தளபதி முதலிய ஆண் பாத்திரங்கள் அனைத்தையும் பியேத்தாவின் பெண்களே பாடினார்கள். 1723இல் நிருவாகம் அவரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, மாதம் இரண்டு கொன்செர்ட்டோக்களை அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். வெனிசில் இருக்கும் காலத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு தடவை ஒத்திகையும் பார்க்க வேண்டும். அவர் எழுதிய செல்லோக் கொன்செர்ட்டோக்கள் மட்டும் இருபதுக்கும் மேல் கிடைத்துள்ளன. 1720இல் அன்ரோனியோ வந்தீனி என்னும் புகழ்பெற்ற செல்லோக் கலைஞர் பியேத்தாவில் அக்கருவியைக் கற்பித்தார். எனவே செல்லோவும் அந்தப் பெண்களின் கைக்குப் பழகிய கருவியே.

ஒரு மாலை வழிபாடு

ஞாயிறுகளிலும் திருநாட்களிலும் மாலை வழிபாட்டின்போது பியேத்தாவின் இசையைக் கேட்கலாம். உள்ளூர்ப் பிரபுக்களும் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து வந்த பயணிகளும் அங்கே கூடுவார்கள். அமர்வதற்குக் கதிரைகள் வாடகைக்குக் கொடுக்கப்பட்டன. அந்தப் பணம் இல்லத்தின் வருமானங்களுள் ஒன்றாக இருந்தது. இசையில் மயங்கிய சிலர் தமது சொத்தின் ஒரு பகுதியை இல்லத்துக்கு எழுதி வைத்ததும் உண்டு. அந்தப் பெண்கள் பாடியது வழிபாட்டுக்காக மாத்திரமல்ல. தம்மோடு வளர்ந்த, பாடத் தெரியாத நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் அது உதவியது.

பாடியவர்களை யாரும் சரியாகப் பார்க்க முடியாது. ஆலயத்தின் பக்கச் சுவர்களில் உயரத்தில் அமைந்த மாடங்களில், பின்னல் வேலைப்பாடுடைய இரும்புக் கம்பித் திரைக்குப் பின்னால் அவர்கள் நின்றார்கள். கீழே இருந்தவர்களுக்கு நிழலுருவங்கள் மட்டுமே தெரிந்தன. ஆலயத்தில் கைதட்டுவது முறையல்ல என்பதால், பாட்டுப் பிடித்தால் சபையோர் இருமியும் மூக்கைச் சிந்தியும் கால்களைத் தரையில் தேய்த்தும் தம் பாராட்டைத் தெரிவித்தார்கள்.

1739இல் வெனிசுக்கு வந்த பிரெஞ்சு நீதிபதி சார்ல் டி புறோஸ் எழுதிய கடிதம் ஒன்று புகழ்பெற்றது. வயலின், புல்லாங்குழல், ஒபோ, ஓகன், செல்லோ, பசூன் என அனைத்தையும் அந்தப் பெண்கள் வாசித்ததையும், எவ்வளவு பெரிய கருவியானாலும் அவர்கள் அஞ்சவில்லை என்பதையும் அவர் வியந்து எழுதினார். நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் இதே ஐரோப்பாவில், செல்லோவை முழங்கால்களுக்கிடையில் வைத்து வாசிப்பது பெண்களுக்கு அடக்கமல்ல என்று பேசினார்கள். முன்னேற்றம் எப்போதும் முன்னோக்கியே செல்வதில்லை என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

1743இல் பிரெஞ்சுத் தூதுவரின் செயலாளராக வெனிசுக்கு வந்த தத்துவஞானி ரூசோவின் அனுபவம் வேறு விதமானது. அவர் கேட்டது நான்கு இல்லங்களுள் இன்னொன்றான மென்டிகான்ரியின் இசையை. குரல்களைக் கேட்டுக் கேட்டு, திரைக்குப் பின்னால் தேவதைகளே நிற்பதாக அவர் கற்பனை செய்துகொண்டார். நண்பர் ஒருவரின் உதவியால் அவர்களைச் சந்தித்தபோது, ஒருத்திக்கு ஒரு கண் இல்லை, இன்னொருத்தியின் முகம் அம்மைத் தழும்பால் சிதைந்திருந்தது. முதலில் திடுக்குற்ற அவர், அவர்களுடைய பேச்சிலும் பண்பிலும் கவரப்பட்டு, அன்று மாலை வீடு திரும்பும்போது அவர்கள் எல்லோர்மீதும் அன்புகொண்டு திரும்பியதாகத் தமது தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். வறுமையும் நோயும் நிறைந்த நகரின் வாசற்படிகளிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள். அந்த முகங்களில் அக்கால வெனிசின் மறுபக்கம் எழுதப்பட்டிருந்தது.

ஆண்குரல் யாருடையது?

இனி எமது கூட்டத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். ஆண்கள் இல்லாத ஒரு குழுவுக்கு விவால்டி ஏன் டெனரும் பேஸும் எழுதினார்?

இசை வரலாற்றாய்வாளர்கள் இதனை நெடுங்காலம் விவாதித்துள்ளனர். குளோரியாவின் பன்னிரண்டு பகுதிகளையும் பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கிறது. அதில் வரும் தனிப்பாடல்கள் யாவும் சொப்ரானோவுக்கோ ஆல்ட்டோவுக்கோ எழுதப்பட்டவை. டெனருக்கோ பேஸுக்கோ ஒரு தனிப்பாடலும் இல்லை. அந்த இரண்டு குரல்களும் கூட்டாகப் பாடும் இடங்களில் மட்டுமே வருகின்றன.

மற்றத் தடயம் பெயர்களில் உள்ளது. பியேத்தாவில் குடும்பப் பெயர் எவருக்கும் இல்லை. பெற்றோர் யாரென்று தெரியாத பிள்ளைகளுக்கு ஞானஸ்நானப் பெயர் மட்டுமே உண்டு. ஆகவே குழுவில் ஒருவரை இன்னொருவரிலிருந்து பிரித்தறிய, அவரவர் கருவியையோ குரலையோ பெயரோடு சேர்த்து எழுதினார்கள். 'வயலின் அன்னா மரியா' என்பதைப் போல. அப்பதிவுகளில் டெனர் என்றும் பேஸ் என்றும் அடைமொழி பெற்ற பெண்களும் காணப்படுகிறார்கள்.

ஆழ்ந்த குரலுள்ள பெண்கள் டெனரை எழுதியபடியே பாடினார்கள் என்றும், பேஸ் பகுதியில் எட்டுகின்ற சுரங்களை எழுதிய இடத்திலும், எட்டாதவற்றை ஒரு ஸ்தாயி உயர்த்தியும் பாடியிருக்கலாம் என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வாறு உயர்த்திப் பாடும்போது இசையின் அடித்தளம் சரிந்துவிடாதா என்று கேட்கலாம். சரியாது. ஏனெனில் பரோக் இசையில் பேஸ் பகுதியைக் குரல் மட்டும் தாங்குவதில்லை. செல்லோவும் ஓகனும் அதே வரியைக் கீழ்ஸ்தாயியில் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருக்கும். குரல் விட்ட இடத்தைச் செல்லோ நிரப்பும். எமது நிகழ்ச்சிநிரலில் கூட்டுப்பாடலும் செல்லோவும் அருகருகே வந்தது தற்செயலாயினும் பொருத்தமானதே.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வயது ஏறும்போது பெண்குரல் ஆழமடைவது பலருக்கு நிகழும். பியேத்தாவில் முதியவர்களும் தொடர்ந்து பாடியமையால் ஆழ்ந்த குரல்களுக்குப் பஞ்சம் இருந்திராது. எமது சங்கத்திலும் அறுபதைக் கடந்த அக்காமாருக்குப் பஞ்சம் இல்லை. முன்னர் 'குரல் போய்விட்டது' என்று ஒதுங்கியிருந்த சிலரை இக்காரணத்தைச் சொல்லியே ஒத்திகைக்கு அழைத்தோம். அவர்கள் பாடிய முதல் நாளிலேயே, அயல் கல்லூரிக்கு எழுதவிருந்த கடிதம் தேவையற்றதாகிவிட்டது.

அன்னா மரியாவும் மற்றவர்களும்

பியேத்தாவின் பெண்களுள் அதிகம் அறியப்பட்டவர் வயலின் அன்னா மரியா. 1696ஆம் ஆண்டளவில் பிறந்து, குழந்தையாகவே இல்லத்துக்கு வந்தவர். வயலினோடு செல்லோ உட்படப் பல கருவிகளை வாசித்தார். விவால்டி அவருக்காகவே பல கொன்செர்ட்டோக்களை எழுதினார். அவருடைய பெயர் பொறிக்கப்பட்ட இசைப் புத்தகம் ஒன்று வெனிசில் இன்றும் உள்ளது. பின்னாளில் குழு முழுவதற்கும் பொறுப்பான ஆசிரியையானார். 1782இல், எண்பது வயதைக் கடந்து, தாம் வளர்ந்த அதே இல்லத்தில் காலமானார்.

வெளியே சென்றவர்களின் நிலை இலகுவானதல்ல. திருமணம் செய்துகொண்டு வெளியேறும் பெண்ணுக்கு இல்லம் சீதனம் கொடுத்தது. ஆனால் அதன்பின் பொது இடங்களில் பாடவோ வாசிக்கவோ மாட்டேன் என உறுதியளிக்க வேண்டியிருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டு பயின்ற வித்தையை வாசலில் விட்டுவிட்டே அவள் போகவேண்டும். இதற்கு விலக்காக அமைந்தவர்களுள் ஒருவர் மென்டிகான்ரி இல்லத்தில் பயின்ற மதலேனா லொம்பார்டினி. வயலின் மேதை தார்த்தீனி 1760இல் அவருக்கு எழுதிய பாடக் கடிதம் இன்றும் மாணவர்களால் படிக்கப்படுகிறது. 1767இல் மணமுடித்த பின்னரும் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் அவர் வயலின் வாசித்தார். தாம் எழுதிய இசையையும் அச்சிட்டார்.

விவால்டியின் முடிவு துயரமானது. வேலை தேடி வியன்னாவுக்குச் சென்ற அவர் அங்கேயே இறந்து, 1741 யூலை 28ஆம் நாள் ஏழைகளுக்குரிய எளிய முறையில் அடக்கஞ் செய்யப்பட்டார். குளோரியா ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் எங்கும் கேட்கவில்லை. 1797இல் வெனிஸ் குடியரசு நெப்போலியனிடம் வீழ்ந்த பின்னர் இல்லங்களின் இசையும் மங்கி மறைந்தது. இன்று 'விவால்டியின் ஆலயம்' என்று பயணிகளுக்குக் காட்டப்படும் கட்டடம் அவர் இறந்த பின்னர், 1745இல் தொடங்கிக் கட்டப்பட்டது. அவர் அதில் ஒருநாளும் நின்றதில்லை.

1926இல் வடஇத்தாலியில் சலேசியன் சபையினரின் பாடசாலை ஒன்று, தன்னிடமிருந்த பழைய இசைக் கையெழுத்துப் பிரதிகளை விற்க விரும்பித் தூரின் நகர நூலகத்தின் ஆலோசனையைக் கேட்டது. பெட்டிகளைத் திறந்தபோது விவால்டியின் கையெழுத்துப் பிரதிகள் கட்டுக்கட்டாக இருந்தன. நூலகத்திடம் வாங்கப் பணம் இல்லை. ரொபேர்ட்டோ ஃபோவா என்பவர், இறந்துபோன தமது சின்னஞ்சிறு மகன் மவுரோவின் நினைவாக அவற்றை வாங்கிக் கொடுத்தார். எஞ்சிய பாதி இன்னொரு குடும்பத்திடம் இருப்பது பின்னர் தெரியவந்தது. அதனையும் பிலிப்போ ஜோர்தானோ என்பவர், இறந்த தமது மகன் றென்சோவின் நினைவாக 1930இல் வாங்கிக் கொடுத்தார். இன்றும் அத்தொகுப்புகள் அந்த இரு குழந்தைகளின் பெயராலேயே வழங்குகின்றன. பெற்றோரை இழந்த பிள்ளைகள் பாடிய இசையை, பிள்ளைகளை இழந்த பெற்றோர் மீட்டுக் கொடுத்தார்கள். 1939 செப்ரெம்பரில், உலகப்போர் மூண்ட அதே மாதத்தில், சியன்னா நகரில் குளோரியா மீண்டும் ஒலித்தது.

அன்னா மக்தலேனாவின் கையெழுத்து

விவால்டி வெனிசில் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஜேர்மனியின் கோத்தன் என்னும் சிற்றரசின் அரண்மனையில் பாக் இசைப் பொறுப்பாளராக இருந்தார். 1717 முதல் 1723 வரை அவர் அங்கே பணியாற்றினார். தனிச் செல்லோவுக்கான ஆறு தொகுதிகளும் அக்காலத்தைச் சேர்ந்தவை எனக் கருதப்படுகிறது. அதுவரை செல்லோ பெரும்பாலும் பிறருக்குத் துணை போகும் கருவியாகவே இருந்தது. பாக் அதனைத் துணையின்றித் தனியே நிறுத்தினார். நான்கு தந்திகளில் ஒருவரே வாசிக்கும்போது, இரண்டு மூன்று குரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது போல எமக்குக் கேட்கும். ஒவ்வொரு தொகுதியும் ஒரு முன்னிசையோடு தொடங்கி, அக்கால நடன வகைகள் ஐந்தாறின் சாயலில் தொடர்ந்து செல்கிறது.

ஆனால் பாக் தம் கையால் எழுதிய மூலப்பிரதி இன்று இல்லை. எமக்கு எஞ்சியிருக்கும் பிரதிகளுள் முதன்மையானது அவருடைய மனைவி அன்னா மக்தலேனா, சுமார் 1727க்கும் 1731க்கும் இடையில் எழுதியது. பெர்லின் அரச நூலகத்தில் அது உள்ளது.

அன்னா மக்தலேனா வெறும் பிரதியெழுத்தாளர் அல்லர். 1701இல் பிறந்த அவர், இருபது வயதிலேயே கோத்தன் அரண்மனையில் சம்பளம் பெற்ற பாடகி. முதல் மனைவியை இழந்திருந்த பாக்கை 1721 டிசெம்பரில் மணந்தார். 1723இல் குடும்பம் லைப்சிக் நகருக்குச் சென்றது. அந்நகரின் பிரதான ஆலயங்களில் பாக்கின் திருவிசையைப் பாடியவர்கள் சிறுவர்களும் ஆண்களுமே. பெண்கள் அங்கே பாடும் வழக்கம் இல்லை. வெனிசில் பெண்கள் மட்டுமே பாடிய அதே காலத்தில், லைப்சிக்கில் தேர்ந்த பாடகி ஒருவர் தம் கணவர் எழுதிய பாடல்களைச் சபையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அவருக்குப் பிறந்த பிள்ளைகள் பதின்மூவர். அவர்களுள் எழுவர் சிறுவயதிலேயே இறந்தனர். முதல் மனைவியின் பிள்ளைகளையும் அவரே வளர்த்தார். அந்த வீட்டில், அந்த ஆண்டுகளிலேயே அவர் இந்தத் தாள்களை எழுதினார். கோடிட்டு, மை தொட்டு, ஆயிரக்கணக்கான சுரங்களை ஒவ்வொன்றாக எழுதினார். வில்லை எங்கே சேர்த்து இழுப்பது, எங்கே பிரிப்பது என்பதைக் காட்டும் வளைகோடுகள் அவருடைய பிரதியில் சில இடங்களில் தெளிவாக இல்லை என்று செல்லோக் கலைஞர்கள் இன்றும் குறைப்படுவார்கள். ஒரு கையில் குழந்தையும் மறுகையில் வேலையுமாக இருந்த எவரும் அந்தக் குறையைப் பெரிதாக எடுக்கமாட்டார்கள் என்பது எம் எண்ணம்.

பாக் 1750 யூலை 28ஆம் நாள் இறந்தார். அன்னா மக்தலேனா பத்து ஆண்டுகள் விதவையாக வாழ்ந்து, பிறர் உதவியில் தங்கியிருந்த நிலையில் 1760 பெப்ரவரியில் காலமானார். செல்லோத் தொகுதிகள் 1824ஆம் ஆண்டளவில் பரிசில் முதன்முதல் அச்சாயின. ஆனாலும் அவை பயிற்சிப் பாடங்களாகவே கருதப்பட்டன. 1890இல் பார்சலோனாத் துறைமுகத்துக்கு அருகிலிருந்த பழைய இசைநூற் கடையொன்றில் பதின்மூன்று வயதுச் சிறுவனான பாப்லோ கசல்ஸ் அவற்றின் பிரதி ஒன்றைக் கண்டெடுத்தார். நீண்ட காலம் பயின்ற பின்னரே மேடையில் வாசித்தார். 1936 முதல் 1939 வரை ஆறு தொகுதிகளையும் ஒலிப்பதிவு செய்தார். அதன் பின்னரே உலகம் அவற்றை அறிந்தது.

நாம் செய்யவிருப்பது

இக்கட்டுரைக்காக எமது கல்லூரியின் பழைய நிழற்படங்களையும் எடுத்துப் பார்த்தோம். பாடகர் குழுவின் படங்கள் பல உள்ளன. பெரும்பாலானவற்றின் கீழே ஆண்டும், பயிற்றுவித்தவரின் பெயரும், 'பாடகர் குழு' என்ற சொல்லும் மட்டுமே உண்டு. நிற்பவர்கள் யார், இருப்பவர்கள் யார் என்பது இல்லை. சில படங்களின் பின்புறத்தில் யாரோ பென்சிலால் எழுதிய இரண்டு மூன்று பெயர்கள் மங்கலாகத் தெரிகின்றன. எமக்கு மனது சங்கடமாக இருந்தது. பியேத்தாவின் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் முழுப்பெயர் எழுதப்படவில்லை. எமது பிள்ளைகளுக்கு முழுப்பெயர் இருந்தும் எழுதப்படவில்லை. இடப்பெயர்வுகளில் தொலைந்த படங்களையும் பதிவேடுகளையும் நினைத்தால், எஞ்சியவற்றின் பெறுமதி இன்னும் கூடுகிறது.

ஆகவே இரண்டு தீர்மானங்களை எடுத்துள்ளோம். மாலை நிகழ்வின் நிகழ்ச்சிநிரலில் பாடும் ஒவ்வொருவரின் முழுப்பெயரும், கல்லூரியை விட்டு வெளியேறிய ஆண்டும், பாடும் குரலும் அச்சிடப்படும். டெனரும் பேஸும் பாடும் அக்காமாரின் பெயர்கள் முதலில் வரும். இசைத்தாள்களைப் பிரதியெடுத்துக் கோவையாக்கித் தந்தவர்களின் பெயர்களும் அவற்றோடு இடம்பெறும்.

இரண்டாவது தீர்மானத்துக்கு வாசகராகிய உங்கள் உதவி வேண்டும். இம்மலரின் நடுப்பக்கங்களில் பாடகர் குழுவின் பழைய படங்களை இலக்கமிட்டுப் பிரசுரித்துள்ளோம். உங்களை, உங்கள் தாயை, பேத்தியாரை, உங்களோடு வாங்கில் இருந்தவரை அடையாளங் கண்டால், பட இலக்கத்தையும் வரிசையையும் பெயரையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். வெளிநாடுகளில் வாழும் சகோதரிகள் அங்குள்ள மூத்தவர்களிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். அவர்களுக்கு நினைவு இருக்கும்போதே கேளுங்கள்.

நிகழ்வன்று எங்களுக்கு முன்னால் கம்பித் திரை இருக்காது. கைதட்டவும் தடையில்லை. எல்லோரும் வாருங்கள்.